எட்டு மைக்ரான்

வானாய்வகத்தில் வேலை என்று சொன்னதும் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அப்போ தினமும் நட்சத்திரம் பார்ப்பீங்களா?" இருபத்தாறு வருட வேலையில் அவர் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்தது மொத்தம் நான்கு முறை. அதில் இரண்டு முறை மேகம்.

அவருடைய வேலை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும். இடம், தரைத்தளத்தில் வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்த அளவை அறை. தொலைநோக்கியில் எடுத்த படங்கள் கண்ணாடித் தகடுகளாக அங்கே வந்து சேரும். தகடு என்றால் விரல் நீளம்தான். அதில் நட்சத்திரத்தின் ஒளி, ஊதா முதல் சிவப்பு வரை நிறம் பிரிந்து, ஒரு சாம்பல் பட்டையாகப் பதிந்திருக்கும். பட்டைக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள். அந்தத் தகட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்து, திருகைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு கோடும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். அளவு மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒன்று. அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலும் "எத்தனை மைக்ரான் இடைவெளி?" என்று கேட்டுப் பழகியதால், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் 'மைக்ரான் அக்கா' ஆனார். வயதில் பெரியவரான இயக்குநர்கூட, ஆள் இல்லாத நேரத்தில் அப்படித்தான் குறிப்பிடுவார் என்று கேள்வி.

அக்காவின் வாழ்க்கையில் நிம்மதியைக் கெடுத்தது ஒரு ஜோடி நட்சத்திரம். இயக்குநரின் பட்டியலில் அதன் எண் நானூற்றுப் பதினேழு.

தனியாக நிற்கும் நட்சத்திரம் தன் நிறத்தைக் காட்டும், பிரகாசத்தைக் காட்டும், எடையை மட்டும் சொல்லவே சொல்லாது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றினால்தான் வழி பிறக்கும். ஒன்று நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் தகட்டில் ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். நகர்ந்த தூரத்தை அளந்தால் வேகம் தெரியும். கனமானது மெதுவாகச் சுற்றும், லேசானது வேகமாக ஓடும். இரண்டின் வேகமும் தெரிந்தால் இதைவிட அது எத்தனை பங்கு கனம் என்று சொல்லிவிடலாம். அந்த ஜோடி நம் கண்ணுக்கு நேராக ஒன்றை ஒன்று மறைக்கும்படி சுற்றினால் இன்னும் வசதி. மறைக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரம் குறைந்தே இருக்கிறது என்று பார்த்தால், அவற்றின் உடம்பு எவ்வளவு அகலம், சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எது அதிகச் சூடு என்பதெல்லாம் வந்துவிடும். சாய்வும் கிடைத்துவிட்டால் உண்மையான எடையே கைக்கு வந்துவிடும். இப்படி நிறுத்துப் பார்த்த சில ஜோடிகளை வைத்துத்தான் வானத்தில் தனியாக நிற்கிற மற்ற நட்சத்திரங்களின் எடையை ஊகிக்கிறார்கள். ஆகவே ஜோடியில் தவறு வந்தால் அந்தத் தவறு ஊரெல்லாம் பரவும். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு பிடிவாதம்.

நானூற்றுப் பதினேழு நான்கு நாளும் சொச்சமும் எடுத்துக்கொண்டு ஒருமுறை சுற்றுகிற ஜோடி. முதல் ஆறு வருடத் தகடுகள் சமர்த்தாக நடந்துகொண்டன. இரண்டு நட்சத்திரங்களின் கோடுகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. நடுப்புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. ஏழாவது வருடம் அந்த நடுப்புள்ளி ஊதாப் பக்கம் இரண்டு மைக்ரான் தள்ளி இருந்தது. அடுத்த வருடம் நான்கு. பதினோராவது வருடம் எட்டு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஒன்பதில் ஒரு பங்கு. பூமியின் ஓட்டத்தைக் கணக்கில் கழித்த பிறகும் அது போகவில்லை.

அக்கா தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது அளவைப் பிழை."

"சார், அதே நாள் அதே மேஜையில ஒத்தை நட்சத்திரத் தகடும் அளந்திருக்கேன். அது சரியா வருது. இது மட்டும்தான் நகருது."

"ஒத்தை நட்சத்திரத்துல கோடு பளிச்சுனு இருக்கும். ஜோடியில கோடுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அங்கதான் கண்ணு ஏமாத்தும். மறுபடி அளங்க."

"எத்தனை தகடு சார்?"

"எல்லாம்."

எல்லாம் என்றால் நூற்றுப் பன்னிரண்டு. ஒரு தகட்டுக்கு அரை நாள். அதுவும் ஒவ்வொரு தகட்டையும் நேராக வைத்து ஒருமுறை, தலைகீழாகத் திருப்பி வைத்து ஒருமுறை. கை பழக்கத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அளக்கிற குணம் இருந்தால் அது அடிபட்டுப் போகட்டும் என்பதற்காக. மற்ற வேலைகளுக்கு நடுவே பத்து மாதம் ஆயிற்று. நுண்ணோக்கியின் முன்னால் கழுத்தை வளைத்து உட்கார்ந்து உட்கார்ந்து இடது தோள் பிடித்துக்கொண்டது. கடைசித் தகட்டை அளந்து முடித்து எண்களைக் கூட்டிப் பார்த்தார்.

எட்டு மைக்ரான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவரிடம், "வெறுத்துப்போச்சுங்க" என்றார்.

கணவர் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். முன்னறையின் பாதி அவருடைய பட்டறை. மேஜை முழுக்க யாருடைய வாய்க்கோ காத்திருக்கும் பல்வரிசைகள். அவர் ஒன்றை அரம் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் அரை மில்லி தப்பு பண்ணா ஆளு நேரா வந்து வாயத் திறந்து காட்டித் திட்டிட்டுப் போயிடுவான். அதுல ஒரு நிம்மதி இருக்கு. உன் நட்சத்திரம் வந்து திட்டாது பாரு, அதான் கஷ்டம்."

"நட்சத்திரம் திட்டலை. சார்தான் திட்றாரு."

"நீ தப்பு பண்ணியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லு."

"சொல்லாமலா இருக்கேன்?" என்று அக்கா குரலை உயர்த்தினார். கணவர் அரத்தை வைத்துவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டார். அந்த வீட்டில் சண்டை அந்த அளவோடு நின்றுவிடும்.

இரண்டாவது முறையும் அதே எண் வந்ததும் இயக்குநர் அக்காவைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். கடுப்பை அடக்கிக்கொண்டு அக்கா போனார். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "இடது கண்ல புரை ஆரம்பிச்சிருக்கும்மா. அவசரமில்ல. வலது கண்ணு சுத்தமா இருக்கு, முப்பது வயசுக்காரங்க கண்ணு மாதிரி."

"டாக்டர், நான் நுண்ணோக்கியில வலது கண்ணாலதான் பார்ப்பேன். அதைச் சீட்டுல எழுதித் தர முடியுமா?"

"கண்ணு எப்படி இருக்குன்னுதான் நான் எழுத முடியும். நீங்க எந்தக் கண்ணால பாக்குறீங்கன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

சீட்டில் 'கண்புரை, இடது, ஆரம்ப நிலை' என்று இருந்தது. இயக்குநர் அதில் முதல் வார்த்தையோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அக்கா வலது கண்ணைப் பற்றி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஒரு கண்ணு களைச்சா இன்னொண்ணும் களைக்கும்மா" என்று அவர் முடித்துக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கும் நானூற்றுப் பதினேழு ஒரு தலைவலிதான். பட்டியலில் மற்ற ஜோடிகளெல்லாம் எடைக்கேற்ற உடம்போடு இருந்தன. இது ஒன்றுக்கு மட்டும் எடை அதிகம், உடம்பு போதவில்லை. சூரியனைப் போல இரண்டரை மடங்கு எடை உள்ள நட்சத்திரம் இவ்வளவு ஒல்லியாக இருக்கக் கூடாது. பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அவர் கடைசி ஐந்து வருடத் தகடுகளுக்கு ஒரு 'திருத்தம்' போட்டார். நகர்ந்த மைக்ரான்களைக் கழித்து நடுப்புள்ளியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வருடச் சராசரியை மட்டும் பட்டியலில் ஏற்றினார். அக்காவின் அளவைத் தாள்கள் இரண்டு கட்டு. "ரெண்டு பட்டியல் இருந்தா பின்னால வர்றவங்க குழம்புவாங்க" என்று சொல்லி, பழைய காகிதங்களோடு சேர்த்து எறியச் சொன்னார். வண்டியில் ஏற்றும்போது அக்கா விடுப்பில் இருந்தார். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் காலி.

ஆய்வகத்தில் இதே ஜோடியால் திட்டு வாங்கிய ஆள் இன்னொருவர் உண்டு. தொலைநோக்கியில் ஒளிமானி வைத்து மறைப்புகளைப் பதிவு செய்கிறவர். பகலில் தூங்கி இரவில் விழிப்பதால் பெயர் 'ஆந்தை'. நாற்பது வயது, எப்போதும் கசங்கிய சட்டை. மாதாந்திரக் கூட்டத்துக்காகப் பகலில் வந்திருந்த ஒரு நாள், தேநீர் அறையில் அக்காவின் எதிரே வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா, என்னைத் தூங்குமூஞ்சின்னு எழுதியே வெச்சுட்டாரு."

"யாரு?"

"வேற யாரு? இந்த நானூத்திப் பதினேழு இருக்கே, அதோட மறைப்பு இத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்னு பட்டியல்ல போட்டிருக்கும். நான் கால் மணி நேரம் முன்னாடியே போய்த் தயாரா உக்காருவேன். பாத்தா, அது எனக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்! இப்ப அரை மணி நேரம் முன்னாடி வருது. கடிகாரத்தைச் சரியா வெக்கலை, தூங்கிட்டு எழுந்து ஏதோ ஒரு நேரத்தை எழுதறேன்னு சொல்றாரு. மத்த ஜோடியெல்லாம் நிமிஷம் பிசகாம வருதே, அதுக்கு என் கடிகாரம் நல்லா ஓடுதா?"

அக்கா தேநீரைக் கீழே வைத்தார். "எந்த வருஷத்துலேருந்து தம்பி?"

"அஞ்சு வருஷம் இருக்கும். முதல்ல ரெண்டு மூணு நிமிஷம்தான், கண்டுக்கலை. அப்புறம் வருஷா வருஷம் அதிகமாயிட்டே போகுது."

"அஞ்சு வருஷம்" என்றார் அக்கா. "எனக்கும் அதே அஞ்சு வருஷம்தான். ஜோடி மொத்தமா நம்ம பக்கம் வந்துக்கிட்டிருக்கு."

ஆந்தைக்கு உடனே பிடிபடவில்லை. அக்கா மேஜையில் இருந்த பிஸ்கட் தட்டைத் தள்ளிவிட்டு விரலால் கோடு போட்டுக் காட்டினார். "ஒருத்தன் நாலு நாளைக்கு ஒருதரம் உனக்குக் கடிதம் போடறான்னு வெச்சுக்கோ. நின்ன இடத்துலேருந்து போட்டா நாலு நாளைக்கு ஒண்ணு வரும். உன்னை நோக்கி நடந்துக்கிட்டே போட்டா? ஒவ்வொரு கடிதமும் கொஞ்சம் கொஞ்சம் சீக்கிரம் வந்து சேரும். உன் மறைப்பு சீக்கிரம் வர்றதும், என் கோடு ஊதாப் பக்கம் நகர்றதும் ஒரே விஷயம்."

"ஜோடி எதுக்கு நம்ம பக்கம் வரணும்? முன்னாடி வரலியே?"

"யாரோ இழுக்கறாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு."

அதைப் பிடித்துக்கொண்டு ஆந்தையே மேற்கொண்டு யோசித்தார். "அக்கா! மூணாவது ஒண்ணு இருந்தா அதோட ஒளியும் என் ஒளிமானியில விழும். மறைப்பு நடக்கும்போதும் அது பாட்டுக்கு எரிஞ்சிட்டிருக்கும். அப்போ ஒளி குறையறது உண்மையைவிடக் கம்மியாத் தெரியும். கம்மியாத் தெரிஞ்சா நட்சத்திரம் சின்னதுன்னு கணக்கு வரும். இவரு ஒல்லி ஒல்லின்னு புலம்பறாரே, அது இதனாலதான்!"

இருவரும் அன்றைக்கே மாடிக்குப் போனார்கள். எழுதிக் கொண்டுவரச் சொன்னார் இயக்குநர். மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். இயக்குநர் படித்தார். அவருடைய பட்டியல் அதற்கு முந்தைய மாதம்தான் அச்சுக்குப் போயிருந்தது.

"ஒருத்தருக்குக் கண்புரை, ஒருத்தருக்குக் கடிகாரம் சரியில்ல. ரெண்டு பிழையும் சேர்ந்து ஒரு நட்சத்திரமாயிடுச்சா?" என்றார். "எங்க அந்த மூணாவது? தகட்டுல அதோட கோட்டைக் காட்டுங்க."

"மங்கலா இருக்கும் சார். ரெண்டு பிரகாசமான கோட்டுக்கு நடுவுல, தகட்டுல மணல் மாதிரி இருக்கிற புள்ளிங்கள்ல மறைஞ்சுடும். இன்னும் அஞ்சாறு வருஷம் தகடு எடுத்தா ஜோடி திரும்பிப் போறது தெரிஞ்சிடும். அப்ப நீங்களே ஒத்துப்பீங்க."

"நானூத்திப் பதினேழு முடிஞ்சாச்சும்மா. இனி அதுக்குத் தகடு கிடையாது."

குறிப்பு மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. அக்கா இறங்கி வந்து, நானூற்றுப் பதினெட்டின் தகட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வேறென்ன செய்வது? அடுத்த வருடம் அறைக்கு வெள்ளையடிக்க வந்தார்கள். தகட்டு அலமாரியை நகர்த்தும்போது ஒரு தட்டு சரிந்தது. ஒன்பது தகடுகள் தூளாயின. ஒன்பதும் நானூற்றுப் பதினேழு. ஒன்பதும் பதினோராவது வருடம். அலமாரியை நகர்த்தியவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அக்கா துடைப்பத்தை வாங்கி அவரே பெருக்கினார்.

ஆறு வருடம் கழித்து ஒரு மதியம் இயக்குநரே படியிறங்கி அளவை அறைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு ஆய்விதழ். வேறொரு நாட்டில் ஒரு குழு, தகடே இல்லாத புதிய கருவியை வைத்து, இதே ஜோடியை ஆறு வருடம் அளந்திருந்தது. ஜோடி மொத்தமாக அசைகிறது, மூன்றாவது நட்சத்திரம் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

"நீங்க சொன்னது சரிதான் போல" என்றார் இயக்குநர்.

"போல இல்ல சார்" என்றார் அக்கா. "சரி."

இயக்குநர் இதழை மேஜையில் வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். அந்தக் குழு கடிதம் எழுதியிருக்கிறது. மூன்றாவது நட்சத்திரம் ஒருமுறை சுற்ற இருபது வருடத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. அவர்களிடம் இருப்பதோ ஆறு வருடம். பழைய தகடுகளின் அளவைத் தாள்கள் உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாள்கள்தான் இல்லையே. தகடுகளை மறுபடி அளக்க வேண்டும். மூன்றாவது முறையாகத் திருகைத் திருப்பத் தயாராக அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தானியங்கி அளவைக் கருவியை அனுப்பினார்கள். அதை இயக்கியவர் மரியாதைக்காரர். "நீங்க உக்காருங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். கருவி கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு தகடாக விழுங்கித் துப்பியது. பத்து மாதத்தில் அக்கா அளந்ததை இரண்டு பகலில் முடித்தது. முடிவில் நீளமான காகிதத்தில் எண்கள் வந்தன. அக்காவுக்குத் தன் எண்களில் பல மனப்பாடம். ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் ஒரு மைக்ரான், ஒன்றரை மைக்ரான், இரண்டைத் தாண்டவில்லை.

"உங்க கண்ணு இந்த மெஷினுக்குச் சமம் அக்கா" என்றார் இயக்கியவர் பாராட்டாக.

"மெஷினைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பலையே" என்றார் அக்கா. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். வரவில்லை. இரண்டு பகலில் நடக்கிற காரியத்துக்கா தோள் போயிற்று, பத்து மாதம் போயிற்று, ஆறு வருடம் போயிற்று என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

நூற்று மூன்று தகடுகளின் எண்கள் போயின. ஆந்தையின் மறைப்பு நேரங்களும் போயின. அவருடைய குறிப்பேடுகளை நல்லவேளையாக யாரும் எறியவில்லை. இரண்டையும் சேர்த்ததில் மூன்றாவது நட்சத்திரத்தின் பாதை கிடைத்தது: இருபத்து மூன்று வருடம். அதன் ஒளியைக் கழித்துவிட்டுப் பார்த்ததும் ஜோடியின் அகலம் ஏழு சதவீதம் கூடியது. எடைக்கேற்ற உடம்பு வந்துவிட்டது. ஆனால் பாதையில் ஒரு இடத்தில் ஓட்டை. நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த ஜோடி வேகம் உச்சத்துக்குப் போய்த் திரும்பிய வருடம் எதுவோ, அது அந்தப் பதினோராவது வருடம்தான். அந்த வருடத்துத் தகடு ஒன்றுகூட இல்லை; அக்காவின் மனப்பாடத்தைத் தரவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே மூன்றாவது நட்சத்திரத்தின் எடையை மட்டும் தோராயமாகத்தான் சொல்ல முடிந்தது.

அந்த வருடத்துத் தகடுகள் ஏன் இல்லை என்று குழு கேட்டு எழுதியது. பதிலை இயக்குநர் எழுதினார்: 'தவிர்க்க முடியாத காரணங்களால் அவை கிடைக்கவில்லை.' இணைப்புத் தாள்களைச் சேர்ப்பதற்காகக் கடிதம் அக்காவிடம் வந்தது. அக்கா அந்த வரியைப் படித்தார். மாடிக்குப் போனார்.

"சார், இது உண்மையில்ல."

"பின்ன என்ன எழுதணும்ங்கறீங்க?"

"தகடு உடைஞ்சது. அது விபத்து. தாளை எறிஞ்சது விபத்து இல்ல."

"அதை எழுதினா ஆய்வகத்துக்கு அசிங்கம்."

"ஒன்பது தகட்டையும் ரெண்டுதரம் அளந்தேன் சார். அந்த நம்பர் இருந்தது. இல்லாத மாதிரி எழுதாதீங்க."

இயக்குநர் நீண்ட நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம்தான் பாக்கி. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டுக் கடிதத்தை அக்கா பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்க."

அக்கா நின்றபடியே எழுதினார்: 'பதினோராவது வருடத்தின் ஒன்பது தகடுகள் அலமாரியை நகர்த்தும்போது உடைந்தன. அவை அதற்கு முன் இரண்டு முறை அளக்கப்பட்டிருந்தன. அந்தத் தாள்கள், பிழை என்று கருதி எறியப்பட்டன. பிழை இல்லை.'

கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. எழுதியவர்கள் வரிசையில் இயக்குநர் நான்காவது, ஆந்தை ஏழாவது, அக்கா எட்டாவது. அடிக்குறிப்பில் ஒன்பது தகடுகளைப் பற்றி ஒரே வரி இருந்தது: 'அந்த வருடத் தரவுகள் கிடைக்கவில்லை.'

அக்கா இதழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் அந்த வரியைக் காட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"திருத்தச் சொல்லி எழுதப் போறியா?"

"எழுதிட்டேன்" என்றார் அக்கா. "வர்ற வழியில தபால்லயும் போட்டாச்சு."